மூன்று இலேசான கால்கள்

சாரல்குறிச்சிக்காரர்கள் எடையிழக்கத் தொடங்கிய ஆண்டில், வைகாசி மாத அம்மன் கோயில் கொடைக்குக் காப்புக் கட்டுவதற்கு முந்தைய வாரம், அவ்வூரின் ஒரே புகைப்படக்காரியான உலகம்மை திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிப் போய், ஜங்ஷன் பக்கத்துச் சந்தொன்றில் இருந்த மைதீன் பாயின் கடையில் ஒரு முழு முற்பகலைச் செலவழித்து ஒரு ட்ரைபாட் தேர்ந்தெடுத்தாள். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வதில்லை. தட்டிலிருக்கும் பஜ்ஜி ஆறுவதற்குள் ஒருத்தியின் ஆயுளைத் தீர்மானித்துவிட்டு அவர்கள் கை கழுவ எழுந்துவிடுகிறார்கள்.

அவளுடைய பழைய ஸ்டாண்டு இரும்பும் பிடிவாதமும் சேர்த்துச் செய்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டாறு தாண்டி, எஸ்டேட் ஏறி, காற்றாலைகளின் அடிவாரத்துக்கும் மலையடிக் குடியிருப்புகளின் சடங்கு வீடுகளுக்கும் நடந்து நடந்து, அவளுடைய வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்துபோயிருந்தது.

"பாய், பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டுப் போற மாதிரி வேணும். மடக்கினா தோள்பைக்குள்ள அடங்கணும். தூக்கினா தூக்கினதே தெரியக் கூடாது."

"அப்ப மயிலிறகுதாம்மா வாங்கணும்" என்றார் மைதீன் பாய்.

ஆனாலும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அலுமினியத்தில் ஒன்று உறுதியாக நின்றது, ஆனால் பழைய ஸ்டாண்டின் தங்கையைப் போலக் கனத்தது. கால்கள் நான்கு மடிப்பாகச் சுருங்குகிற இன்னொன்று பைக்குள் அழகாக அடங்கியது, ஆனால் முழுக்க நீட்டியபோது கடைசி மடிப்பு நாணல்போல ஒல்லியாகி, கடைக்கு வெளியே ஆட்டோ போனதற்கெல்லாம் நடுங்கியது. மூன்று மடிப்புக்காரி நடுங்கவில்லை, பைக்குள் அடங்கவும் இல்லை. உலகம்மை ஒவ்வொன்றின் தலையிலும் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள், முறுக்கிப் பார்த்தாள், நடுத்தண்டை உயர்த்தி விரலால் சுண்டி நடுக்கம் அடங்கும்வரை காத்திருந்தாள். திருகு வைத்த பூட்டில் ஆற்றுமணல் ஏறுமா, கிளிப் வைத்த பூட்டு விரலைக் கடிக்குமா என்று கேட்டாள். கடைசியில் பாய் கண்ணாடி அலமாரியைத் திறந்து கறுப்பாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கார்பன் இழைகளால் பத்தமடைப் பாயைவிட நுணுக்கமாகப் பின்னப்பட்ட கால்கள். நிறைகுடம் என்று எண்ணி வெறுங்குடத்தைத் தூக்கியவளைப்போல அவள் கை தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. அப்போதே அவள் முடிவு செய்துவிட்டாள் என்பது பாய்க்குத் தெரிந்தது.

"ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கம்மா. நடுத்தண்டுக்கு அடியில ஒரு கொக்கி இருக்கு பாத்தியா? உங்க ஊருக் காத்துக்கு இதுல எப்பவும் கனமா எதையாவது தொங்க விடணும். கல்லு, மணல்பை, எதுவானாலும் சரி. வெறுமன நிக்க விட்டுறாத."

"விட்டா?"

"இலேசானதுக்குப் பசி ஜாஸ்தி."

கடைக்காரர்கள் இப்படி எதையாவது சொல்வார்கள் என்று உலகம்மை சிரித்துக்கொண்டாள்.

சாரல்குறிச்சியில் அம்மன் கோயிலுக்குச் சிலை கிடையாது. ஊரிலுள்ள கற்களில் ஏதோ ஒன்றில் அவள் குடியிருக்கிறாள், எதில் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. ஆகவே காப்புக் கட்டிய நாளிலிருந்து அதை அவிழ்க்கும் நாள்வரை அங்கே ஒருவரும் கல்லைப் பெயர்ப்பதில்லை, ஊரெல்லையைத் தாண்டுவதுமில்லை. காப்புக் கட்டிய அன்றே ஊர் முழுவதும், ஆடுமாடுகள் உட்பட, குளக்கரையில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வதும் வழக்கமாயிருந்தது. உலகம்மை கேமராவோடும் புது ஸ்டாண்டோடும் மட்டும் கைவீசி வந்தாள். பையை வீட்டிலேயே விட்டிருந்தாள். சுமையில்லாமல் வருவதன் சுகம் அவளுக்கு அன்றுதான் வாய்த்திருந்தது. மேற்கு மலையிலிருந்து மேல்காற்று அடித்தது. கொக்கி வெறுமையாய் ஆடியது.

"சித்தப்பா, அந்தக் கல்லுல ஒண்ண எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க. ஸ்டாண்டுல கட்டணும்" என்றாள், கொடைக் கமிட்டித் தலைவர் வெள்ளத்துரையிடம்.

"காப்புக் கட்டியாச்சு, கல்ல எடுக்கவா? எந்தக் கல்லுக்குள்ள அவ இருக்கான்னு நீ கண்டியா? காலேஜுல படிச்சுட்டு வந்தா கல்லு வெறுங்கல்லாயிருமோ?"

கூட்டம் சிரித்தது. முன்வரிசை நாற்காலியில் ஏழு மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்த உலகம்மையின் தங்கை ஆவுடையும் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற புருஷன் மாடசாமி, படத்தில் தெரியட்டும் என்று சட்டைப்பையில் பேனாவைச் சரிசெய்துகொண்டான். வாதாட வேறு ஆளைப் பார்க்கட்டும் என்று உலகம்மை பொத்தானை அழுத்தினாள். அந்தக் காற்றிலும் ஸ்டாண்டு துளி அசையவில்லை. மண்ணுக்கடியிலிருந்து யாரோ அதன் மூன்று கால்களையும் பிடித்துக்கொண்டிருப்பதுபோல நின்றது.

மறுநாள் காலையில் ஊர் கொஞ்சம் இலேசாக எழுந்தது. மூட்டுவலிக்காரர்கள் கைத்தடியை மறந்துவிட்டுப் படியிறங்கினார்கள். அரிசி ஆலையில் மூட்டை சுமப்பவர்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு ஓடினார்கள், ஏனெனில் அவர்கள் கையில் எடுத்த பொருளுக்கும் அந்த இலேசு தொற்றியது. நிறைகுடம் வெறுங்குடமாயிற்று, ஆட்டுக்கல் சுரைக்காயாயிற்று. உயிருள்ளதற்கு மட்டும் அது தொற்றவில்லை. படத்துக்குத் தப்பிய ஒரு கோழியைத் தூக்கிப் பார்த்து, அது கோழியின் கனத்திலேயே இருப்பதைக் கண்டு இதைத் தெரிந்துகொண்டார்கள். அந்தக் கோழியும் மாலைக்குள் குழம்பாயிற்று. இதெல்லாம் ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மருந்து பலித்துவிட்டால் வைத்தியன் யாரென்று விசாரிக்கிற வழக்கம் சாரல்குறிச்சியில் இருந்ததே இல்லை.

கேட்காமலேயே அவர்கள் இன்னொரு படத்துக்கு வந்தார்கள், பிறகு இன்னொன்றுக்கு. ஒவ்வொரு படத்துக்கும் எடை இன்னும் கொஞ்சம் குறைந்தது. குழந்தைகளை நிறுத்தினார்கள், மாடுகளை மறுபடி நிறுத்தினார்கள், வீங்கிய காலோடு இருந்த ஆவுடையை மாடசாமி கைபிடித்துத் திரும்பத் திரும்ப அழைத்துவந்து உட்கார வைத்தான். முதலில் உலகம்மையும் மறுக்கவில்லை. ஒரு பெண்ணின் தொழிலைத் தேடி ஊர் வரிசையில் நிற்பது எத்தனை தலைமுறைக்கு ஒருமுறை நடக்கிறது?

ஊர் அந்த அதிசயத்தை, வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைப்போல, உட்கார வைத்து உபசரிக்கத் தொடங்கியது. ஸ்டாண்டைக் கோயிலில் நிறுத்தி மஞ்சள் துணி கட்டினார்கள், முக்காலியம்மன் என்று பெயரிட்டார்கள். உள்ளூரிலேயே பெண் கேட்டு வருகிறவர்கள் பெண்ணை நடக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக் காது கொடுத்தார்கள். காலடி கேட்டால் காப்பியைக் குடிக்காமல் எழுந்தார்கள். பெண்கள் நடப்பது கேட்கக் கூடாது என்று அவர்களுடைய பாட்டனார்கள் சொல்லிவந்தது ஒருவழியாக நிறைவேறியது, அதனால் அதை முன்னேற்றம் என்றார்கள். இந்தப் பாக்கியம் பக்கத்து ஊர்களுக்குத் தெரிந்தால் பங்கு கேட்பார்கள் என்று யோசித்த கமிட்டி, கொடை முடிந்தும் காப்பை அவிழ்க்காமல் விட்டது. காப்பு இருக்கும்வரை யாரும் எல்லை தாண்ட முடியாது. வெளியூர் பஸ் எல்லையோடு திரும்பிப் போயிற்று. கயிற்றுக் கட்டில்களில் இப்போது ஆள் படுத்தாலும் தொய்வு விழவில்லை. குளக்கரைச் சேற்றில் காலடிகள் பதியவில்லை. காலோசை கேட்காமல் வாசலில் வந்து நிற்கும் எஜமானர்களைப் பார்த்து நாய்கள் குரைத்தன, பிறகு குரைப்பதையும் விட்டுவிட்டு ஒவ்வொன்றாக ஊரைவிட்டுப் போயின. நாய்களுக்குக் காப்புக் கட்டியிருக்கவில்லை.

ஆனி மாதத்தில் ஒருநாள், துணைச் சுகாதார நிலையத்துக் கிரேஸ் சிஸ்டர் உலகம்மைக்கு ஆளனுப்பினாள். போனபோது ஆவுடை எடை பார்க்கும் எந்திரத்தின் மேல் நின்றிருந்தாள்.

"இந்த முள்ளப் பாரு" என்றாள் கிரேஸ். "ஒரு பிறந்த பிள்ளையோட எடையக் காட்டுது."

"மெஷின் ரிப்பேரா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. ஒங் கேமரா வயித்துக்குள்ள பாக்கல, உலகம்மை. பிள்ள முழுசா இருக்கு. இவதான் இல்ல."

உலகம்மை தங்கையின் தோளைப் பிடித்து மெல்ல அழுத்திப் பார்த்தாள். கை, அழுத்துவதற்கு எதையும் காணாமல் இறங்கியது.

"அப்ப, பிரசவம் ஆச்சுன்னா?"

முழங்கால் வலிக்காகத் தானும் சில படங்கள் எடுத்துக்கொண்டிருந்த கிரேஸ், தரையை விரல்நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றாள். "பிள்ள கீழ வரும்" என்றாள். பிறகு கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"நல்லதுதான்க்கா" என்றாள் ஆவுடை. "செத்தவங்களத் தூக்க நாலு பேரு வேணும். என்னை ஊதிவிட்டாப் போதும்." பிறகு அவள் சிரிக்கவில்லை. "அக்கா, எனக்கு இந்தப் பிள்ளையப் பாக்கணும். ஒரு நாளாவது மடியில வச்சுப் பாக்கணும்."

அன்று உலகம்மை அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய், காப்பையும் அம்மனையும் பொருட்படுத்தாமல், ஸ்டாண்டின் கொக்கியில் அதைக் கட்டித் தொங்கவிட்டாள். கட்டியதுமே அதன் கனமும் போய், அது காய்ந்த அருகம்புல்லைப்போல ஆடியது. ஸ்டாண்டை மிதித்து உடைக்கப் போனவளைக் கமிட்டிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள், கேமராவையும் பறித்துக்கொண்டார்கள்.

"காப்ப அவுத்து விடுங்க, சித்தப்பா. நான் இவள தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"போனா டாக்டர் கேப்பான், போலீஸ் கேப்பான், பேப்பர்க்காரன் கேப்பான்" என்றார் வெள்ளத்துரை. "ஊரே பூவாயிருச்சு. நீ ஒருத்திதான் தொம்மு தொம்முனு நடக்க. ஒனக்கே வெக்கமா இல்லையா? நீயும் வந்து ஒரு படத்துக்கு நில்லேன்."

"நானும் நின்னுட்டா ஆவுடைய யாரு பிடிப்பா?"

"நான் பிடிப்பேன், மைனி" என்றான் கூட்டத்தோடு வந்திருந்த மாடசாமி. "புருசன் நான் இருக்கேன்லா."

"ஒங்களையே அந்தக் கோயில் ஜன்னல் கம்பிதான் பிடிச்சு வச்சிருக்கு, மாப்பிள."

உண்மையாகவே பிடித்து வைத்திருந்தது. அவன் வெட்கத்தோடு கம்பியிலிருந்து கையை எடுத்து, உடனே மறுபடி பற்றிக்கொண்டான்.

ஆடி பிறந்தது. கணவாய் வழியாகக் காற்று தன் முழு உருவத்தோடு வந்தது. முதலில் பால்காரர் போனார். வாசலைத் திறந்து குவளையை நீட்டியவர், குவளையோடும் நீட்டிய கையோடும் ஓட்டுக்கூரைகளுக்கு மேலாகக் கிழக்கே போனார், கத்தக்கூட இல்லை. அவருக்குச் சங்கரன்கோயிலில் ஒரு சம்பந்தி இருப்பதாகவும் அங்கே போயிருப்பார் என்றும் ஊர் பேசிக்கொண்டது. அடுத்த நாள் ஒரு புதுமணத் தம்பதி போனார்கள், தேனிலவு என்றார்கள். அதற்குப் பிறகு காரணம் சொல்வதை நிறுத்திக்கொண்டு மேற்கு வாசல்களை அடைத்தார்கள். மடியில் கல் கட்டிப் பார்த்தார்கள், கல் இலவங்காயாயிற்று. கயிற்றால் தூணோடு கட்டிப் பார்த்தார்கள், உடம்பில் பட்ட கயிறு பஞ்சாய் நைந்தது. தங்களுக்கு வேண்டியது கனமான ஓர் உயிர் என்பதும், அப்படி ஊரில் மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான் என்பதும் அப்போதுதான் அவர்களுக்கு விளங்கியது.

அவளுடைய காலடியை ஏளனம் செய்தவர்கள் அந்தக் காலடி எந்தத் தெருவில் கேட்கிறது என்று செவிசாய்த்தார்கள். தண்ணீருக்குப் போகும் பெண்கள் அவளுடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு, ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு, வால்போல நீண்டு போனார்கள். அக்கா என்றார்கள், தாயே என்றார்கள், அம்மன் எந்தக் கல்லில் இருந்தாள் என்பது இப்போதல்லவா தெரிகிறது என்றார்கள். கமிட்டி அவளுக்கு முறை வைத்தது, இன்ன வேளை இன்ன தெருவுக்கு என்று. அவளைக் கேட்கவில்லை. சாமியைக் கேட்டு யாரும் சப்பரம் தூக்குவதில்லை.

ஆவுடைக்கு வலி கண்டது ஒரு நடுப்பகலில், காற்று ஓடுகளைக் கழற்றி விளையாடிக்கொண்டிருந்த நேரத்தில். உலகம்மை தெருப் பெண்களின் விரல்களிலிருந்து கையை உருவிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினாள். கிரேஸ் கட்டிலின் அடிச்சட்டத்துக்குள் தன் பாதங்களைச் செருகிக்கொண்டு வேலைக்கு நின்றிருந்தாள். மாடசாமி பறந்துவிடாமல் கதவின் தாழ்ப்பாளைப் பற்றியிருந்தான். உலகம்மை தங்கையின் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"விட்டுறாதக்கா."

"வாய மூடிக்கிட்டு முக்கு."

பிள்ளை வெளியே வந்த அந்தக் கணத்தில் ஆவுடை கட்டிலைவிட்டு எழும்பினாள், தூக்கத்திலிருந்து எழுகிறவளைப்போல மெதுவாக, புடவையும் இரத்தமும் அவளோடு மிதக்க. அவளைக் கீழே பிடித்து வைத்திருந்தவை இரண்டே: அக்காளின் கைகளும் தொப்புள்கொடியும். விரிப்பின் மேல், சாரல்குறிச்சி மறந்தேபோயிருந்த ஓர் ஓசையோடு, தொப்பென்று, ஒரு பெண்குழந்தை கிடந்தது. கிடந்த இடத்தில் விரிப்பு குழிந்திருந்தது. பிள்ளை வீரிட்டு அழுதது.

அந்த அழுகையை ஊர் கேட்டது. கனத்த குரல் அது. அடைத்த கதவுகள் திறந்தன. முறை வந்தும் உலகம்மை வராததால் சுவரைத் தடவித் தடவி வந்துகொண்டிருந்த வெள்ளத்துரை முதலில் நுழைந்தார். அவர் வேட்டியைப் பிடித்து ஒருவர், அவரைப் பிடித்து இன்னொருவர் என்று வாசலுக்கு வெளியே ஒரு தெருவே கோத்திருந்தது. காற்று அந்தக் கோவையைத் தூக்கி உதறியது. வெள்ளத்துரை ஒரு கையால் உலகம்மையின் தோளைப் பற்றினார். மறுகையை, ஆசீர்வதிக்கப் போகிறவரைப்போல அவ்வளவு மிருதுவாக நீட்டி, பிள்ளையின் காலைப் பிடித்தார்.

"பிள்ள கால விடுங்க, சித்தப்பா."

"ஊருக்குப் பிறந்த பிள்ளம்மா இது. இந்தக் காத்து அடங்குற மட்டும். ஆளுக்குக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுதோம், அவ்வளவுதான்."

பின்னாலிருந்து இன்னொரு கை வந்தது, இன்னொன்று, பிள்ளையின் விரலுக்கு, மறுகாலுக்கு. பிள்ளை விரிப்போடு வாசலை நோக்கி ஒரு சாண் நகர்ந்தது. உலகம்மை தங்கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் பிள்ளையை இழுத்தாள். ஒரு கையால் எதுவும் ஆகவில்லை. அவளுடைய குதிகால்கள் தரையில் இழுபட்டன.

மேலேயிருந்து ஆவுடை எல்லாவற்றையும் பார்த்தாள். பிள்ளையின் முகத்தையும் பார்த்தாள், நெற்றியிலிருந்து தாடைவரை, அவசரப்படாமல்.

"சிஸ்டர், வெட்டுங்க."

"ஆவுடை!" என்றாள் கிரேஸ்.

"வெட்டுங்கன்னு சொல்லுதேன்லா. கட்டி, வெட்டுங்க."

கிரேஸ் அழுதுகொண்டே கொடியைக் கட்டினாள், அழுதுகொண்டே வெட்டினாள்.

"அக்கா, எம் பிள்ளையப் பிடி. ரெண்டு கையாலயும்" என்றாள் ஆவுடை. பிறகு, வளையல் கழற்றுவதைப்போலத் தன் மணிக்கட்டை அவளுடைய பிடியிலிருந்து திருகி உருவிக்கொண்டாள்.

ஓடுகள் விலகியிருந்த இடம் அவளுக்குப் போதுமானதாயிருந்தது. மாடசாமி தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தான், சுவரை உதைத்தான், அவளுக்குப் பின்னாலேயே அந்த இடைவெளி வழியாகப் போனான். அவள் கையை அவன் எட்டிப் பிடித்தானா என்பதைக் கீழிருந்த யாராலும் பார்க்க முடியவில்லை.

உலகம்மை இரண்டு கைகளாலும் பிள்ளையை மார்போடு அணைத்தாள். பிறகு ஒரு கையை மட்டும் எடுத்து, பிள்ளையின் மேலிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவற்றில் வலு இல்லை, ஈரத்தாளைப்போலப் பிரிந்தன. கடைசியாகத் தன் தோளுக்கு வந்தாள்.

"உலகம்மை" என்றார் வெள்ளத்துரை. "நான் ஒன் சித்தப்பா."

"தெரியும்" என்றாள் அவள், அவருடைய சுண்டுவிரலைப் பிரித்தபடி.

வாசல் காலியாக இருந்தது. தெருவும் காலியாக இருந்தது. திறந்த கதவுகள் மட்டும் அடித்துக்கொண்டன. வானத்தை அவள் பார்க்கவில்லை. ஊரெல்லைக் கல்லை வந்தடைந்தபோது, கால் வைத்த இடமெல்லாம் ஈரமண் அமிழ்ந்து அவளுடைய தடம் பதிந்தது. பிள்ளை பாலுக்கு அழத் தொடங்கியிருந்தது. அதன் வாயில் தன் விரலை வைத்துக்கொண்டு, பால் கொடுக்கக்கூடிய ஒரு பெண் எந்த ஊரில் முதலில் அகப்படுவாள் என்று கணக்குப் போட்டபடி, உலகம்மை எல்லையைத் தாண்டினாள்.